பனி நிலாக்களின் மெல்லிய வாயு எப்படித் தப்புகிறது? நோட்டும் கால்குலேட்டரும் வைத்துக் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தால், அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். நிலாவின் விடுபடு வேகத்தை, அதாவது அதன் ஈர்ப்பைவிட்டு வெளியேறத் தேவையான வேகத்தை, கண்டுபிடிப்பார்கள். மூலக்கூறின் சராசரி வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். முதலாவது பெரிதாக இருந்ததும், "அப்போ தப்பாது சார்" என்று நோட்டை மூடிவிடுவார்கள்.

ஆனால் வியாழனின் நிலாவான யூரோப்பாவில் ஆக்சிஜன் தப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கணக்கில் பிடிக்க வேண்டுமானால் படிகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் எடுக்க வேண்டும். முழுக் கணக்கையும் யூரோப்பாவை வைத்தே போடுவோம், மற்ற நிலாக்களுக்குக் கடைசியில் போவோம்.

1. கையில் இருக்க வேண்டியவை

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டு பாடங்கள் தெரிந்திருந்தால் போதும்: ஈர்ப்பியல், வாயுக்களின் இயக்கவியற் கொள்கை. அடுக்குகளைப் போடத் தெரிந்த கால்குலேட்டர் ஒன்று வேண்டும்.

மாறிலிகள்: ஈர்ப்பு மாறிலி 6.674×10⁻¹¹, போல்ட்ஸ்மேன் மாறிலி 1.38×10⁻²³, இரண்டும் எஸ்.ஐ. அலகில். ஆக்சிஜன் மூலக்கூறின் நிறை 5.31×10⁻²⁶ கிலோ, ஹைட்ரஜன் மூலக்கூறு 3.35×10⁻²⁷ கிலோ, நீர் மூலக்கூறு 2.99×10⁻²⁶ கிலோ.

நிலாக்கள் (ஆரம், நிறை, தரையிலிருந்து விடுபடு வேகம்):

யூரோப்பா: 1561 கி.மீ., 4.80×10²² கிலோ, நொடிக்கு 2.03 கி.மீ.
கானிமீடு: 2634 கி.மீ., 1.48×10²³ கிலோ, நொடிக்கு 2.74 கி.மீ.
டைட்டன்: 2575 கி.மீ., 1.345×10²³ கிலோ, நொடிக்கு 2.64 கி.மீ.
ரியா: 764 கி.மீ., 2.31×10²¹ கிலோ, நொடிக்கு 0.64 கி.மீ.
என்செலடஸ்: 252 கி.மீ., 1.08×10²⁰ கிலோ, நொடிக்கு 0.24 கி.மீ.

விடுபடு வேகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். விட்டத்தை ஆரமாகப் போடுவதும், கிலோமீட்டரை மீட்டராக்க மறப்பதும் இங்கேயே பிடிபட்டுவிடும். விட்டு வைத்தால் ஆறாவது படியில் கோடி கோடி மடங்காக வீங்கி வந்து நிற்கும். அப்போது எங்கே தவறியது என்று தேடுவது பெரும்பாடு.

2. முதலில் கடலூர்க் காற்றுக்குப் போடுங்கள்

யூரோப்பாவின் விடை சரியா என்று உங்களுக்கு உள்ளூரத் தெரியாது. அதனால் விடை தெரிந்த ஓர் இடத்தில் சூத்திரத்தை ஓட்டிப் பார்ப்பது நல்லது. கடலூர் வெள்ளிக் கடற்கரையில் 30 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம்.

தேவையான அளவு, ஸ்கேல் உயரம். அதாவது எத்தனை உயரம் ஏறினால் காற்றழுத்தம் 2.718 மடங்கு குறையும் என்பது. போல்ட்ஸ்மேன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, அதை மூலக்கூறு நிறையும் ஈர்ப்பு முடுக்கமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுக்க வேண்டும். காற்று மூலக்கூறின் சராசரி நிறை 4.81×10⁻²⁶ கிலோ, வெப்பநிலை 303 கெல்வின். விடை ஏறத்தாழ 8.9 கி.மீ.

303-க்குப் பதில் 30 என்று போடுபவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். அவர்களுக்கு 0.88 கி.மீ. வரும். அது உண்மையானால் 2240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பதின்மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அங்கே ஒருவரும் தேயிலை பறிக்க முடியாது. சரியான விடையைப் போட்டால் முக்கால் பங்குக்குச் சற்று மேலே வரும், அதுதான் நிஜம். இந்தச் சோதனை தேறாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

யூரோப்பாவுக்கும் இதே சூத்திரம்தான். ஈர்ப்பு முடுக்கம் 1.31, வெப்பநிலை 100 கெல்வின். ஆக்சிஜனுக்கு 20 கி.மீ., ஹைட்ரஜனுக்கு அதைப்போல 16 மடங்கு, சுமார் 314 கி.மீ. இரண்டையும் குறித்து வையுங்கள்.

3. எந்த வாயு தரையில் ஒட்டும், எது ஒட்டாது?

பலர் தாண்டிக் குதிக்கும் படி இது. பனித்தரையிலிருந்து எழும்புவது நீர்தானே, அப்படியானால் வளிமண்டலம் நீராவியாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கிய அயனிகளும் எலக்ட்ரான்களும் யூரோப்பாவின் பனியை ஓயாமல் அடிக்கின்றன. அந்த அடியில் நீர் மூலக்கூறுகள் அப்படியே தெறிப்பதும் உண்டு. பனிக்குள்ளேயே நீர் உடைந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகி வெளியேறுவதும் உண்டு. இந்த மூன்றின் கதியும் வேறு வேறு.

நீர் மூலக்கூறு திரும்பி வந்து 100 கெல்வின் பனியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், கணக்கிலிருந்து கழிந்தது. ஹைட்ரஜன் ஒட்டாது, ஆனால் இலேசானது, சீக்கிரம் ஓடிவிடும். ஆக்சிஜனும் ஒட்டாது, இவ்வளவு மெல்லிய அழுத்தத்தில் அது உறைய 100 கெல்வின் குளிர் போதாது. ஓடும் அளவுக்கு இலேசாகவும் இல்லை. ஆக, தரையைத் தொட்டு, தரையின் வெப்பநிலைக்கு வந்து, மறுபடி எழும்பி, தாவித் தாவி அங்கேயே சுற்றும்.

1994-இல் ஹபிள் தொலைநோக்கி யூரோப்பாவில் 130.4, 135.6 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பிடித்தது. இரண்டில் 135.6 வலுவாக இருந்ததுதான் துப்பு. தனி அணுக்களாகவோ நீராவியாகவோ இருந்தால் அந்த விகிதம் வராது. எலக்ட்ரான் அடித்து உடைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுக்குத்தான் அது பொருந்தும்.

ஆகவே யூரோப்பாவுக்கு நீராவியை வைத்துத் தொடங்கினால் மீதிக் கணக்கெல்லாம் வீண். ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா?

தப்புதல் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை இந்தப் படி சொல்கிறது. மேலே போகும் மூலக்கூறு இன்னொன்றில் முட்டாமல் வெளியேறக்கூடிய உயரத்துக்கு எக்ஸோபேஸ் என்று பெயர். அதற்குக் கீழே எவ்வளவு வேகம் இருந்தாலும் பயனில்லை. முட்டி மோதி வேகத்தை இழந்துவிடும்.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. தலைக்கு மேல் ஒரு சதுர சென்டிமீட்டர் தூணில் எத்தனை மூலக்கூறுகள் நிற்கின்றன என்று எடுத்து, மோதல் குறுக்குப்பரப்பால், அதாவது ஒரு மூலக்கூறு மோதலுக்குக் காட்டும் பரப்பால், பெருக்குங்கள். விடை ஒன்றை ஒட்டி வரும் இடமே எக்ஸோபேஸ்.

யூரோப்பாவின் ஆக்சிஜன் தூண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁴-லிருந்து 10¹⁵ வரை. நடுவில் 5×10¹⁴ என்று வைப்போம். குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 3×10⁻¹⁵ சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 1.5. அப்படியானால் எக்ஸோபேஸ் தரையை ஒட்டியே கிடக்கிறது. வளிமண்டலம் முழுவதும் கிட்டத்தட்ட எக்ஸோஸ்பியர்தான், அதாவது எக்ஸோபேஸுக்கு மேலே மோதல் அரிதாக நடக்கும் அடுக்கு.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். தூண் அளவை 20 கி.மீ. ஸ்கேல் உயரத்தால் வகுத்தால் தரையருகே ஒரு கன சென்டிமீட்டரில் 25 கோடி மூலக்கூறுகள். கேட்கப் பெரிதாக இருக்கும். வெள்ளிக் கடற்கரையில் அதே இடத்துக்குள் 2.4×10¹⁹ இருக்கின்றன, பத்தாயிரம் கோடி மடங்கு அதிகம். கடற்கரைக் காற்றில் ஒரு மூலக்கூறு 70 நானோமீட்டர் போவதற்குள் முட்டிக்கொள்ளும். யூரோப்பாவில் சராசரி மோதலிடைத்தூரம் சுமார் 10 கி.மீ.

5. ஜீன்ஸ் எண்

இப்போதுதான் வேகங்களை ஒப்பிட வேண்டும். இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் பெயரால் வழங்கும் எண் இது: விடுபடு வேகத்தை மூலக்கூறின் மிகவும் சாத்தியமான வேகத்தால் வகுத்து, இருமடியாக்க வேண்டும்.

மிகவும் சாத்தியமான வேகம் என்பது, இரண்டு மடங்கு போல்ட்ஸ்மேன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, மூலக்கூறு நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தது. 100 கெல்வினில் ஆக்சிஜனுக்கு நொடிக்கு 228 மீட்டர், ஹைட்ரஜனுக்கு 908 மீட்டர்.

யூரோப்பாவில் ஆக்சிஜனின் ஜீன்ஸ் எண் 79. ஹைட்ரஜனுக்கு 5.

இங்கே சராசரி இருமடி மூல வேகத்தைப் போட்டுவிடுவார்கள், பாடப்புத்தகத்தில் அதுதான் அதிகம் பழகியது. போட்டால் ஹைட்ரஜனுக்கு 5-க்குப் பதில் 3.3 வரும். சின்ன வித்தியாசம் போலத் தெரிந்தாலும் அடுத்த படியில் இந்த எண் அடுக்காக ஏறுகிறது, தப்பும் அளவு நான்கு மடங்கு கூடிவிடும்.

6. வெப்பத்தால் மட்டும் எவ்வளவு தப்பும்?

எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பரவலின் வால்நுனியில் சில மட்டும் விடுபடு வேகத்தைத் தாண்டும். அவை எத்தனை என்பதே கேள்வி. "சராசரி வேகம் குறைவு, அதனால் தப்பாது" என்ற வாதம் செல்லாமல் போவது இதனால்தான்.

வெளியேறும் பயனுறு வேகம் இப்படி வரும்: மிகவும் சாத்தியமான வேகத்தை 3.545-ஆல் வகுத்து, (1 + ஜீன்ஸ் எண்) கொண்டு பெருக்கி, 2.718-ஐ மைனஸ் ஜீன்ஸ் எண் அடுக்குக்கு உயர்த்தி அதனாலும் பெருக்க வேண்டும். 3.545 என்பது பையின் வர்க்கமூலத்தைப்போல் இரு மடங்கு. பிறகு ஸ்கேல் உயரத்தை இந்த வேகத்தால் வகுத்தால், வளிமண்டலம் காலியாக ஆகும் காலம் கிடைக்கும்.

ஹைட்ரஜன்: நொடிக்கு சுமார் 10 மீட்டர். 314 கி.மீ.-ஐ அதனால் வகுத்தால் 30,000 நொடி, எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

ஆக்சிஜன்: நொடிக்கு 2.5×10⁻³¹ மீட்டர். காலி ஆக 10²⁷ ஆண்டுகளுக்கு மேல். பேரண்டத்தின் வயதே 1.38×10¹⁰ ஆண்டுதான்.

கால்குலேட்டரில் ஒரு கண்ணி உண்டு. பழைய சயின்டிபிக் கால்குலேட்டர்களில் 'எக்ஸ்ப்' பொத்தான் பத்தின் அடுக்கைக் குறிக்கும். கணினி விரிதாளில் அதே பெயரிலுள்ள கட்டளை 2.718-இன் அடுக்கு. இதைக் கவனிக்காமல் தட்டினால் ஹைட்ரஜனே நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்து, "எதுவுமே தப்பாது" என்று ஆகிவிடும். ஒன்றின் அடுக்கைப் போட்டுப் பாருங்கள், 2.718 வந்தால் சரியான பொத்தான்.

7. ஆக்சிஜன் வேறு வழியில் போகிறது

பெரும்பாலான நோட்டுகள் 10²⁷ ஆண்டு என்ற விடையோடு நின்றுவிடுகின்றன. வெப்பத்தால் தப்பாது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. மற்ற கதவுகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இந்தப் படியில் வேகத்தை விட்டுவிட்டு ஆற்றலுக்கு மாறுங்கள். யூரோப்பாவிலிருந்து வெளியேற ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு 0.34 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், மூலக்கூறுக்கு 0.68. நூறு கெல்வின் வெப்பம் கொடுப்பது சுமார் 0.009 எலக்ட்ரான் வோல்ட். ஏழை வாயுதான். ஆனால் அதைச் சுற்றி ஓடும் பிளாஸ்மா, அதாவது மூன்றாவது படியில் பார்த்த அயனிகளும் எலக்ட்ரான்களும் சேர்ந்த ஓட்டம், பெரும் பணக்காரன்.

வியாழன் ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. அதன் காந்தப்புலமும், அதில் சிக்கிய பிளாஸ்மாவும் கூடவே சுற்றுகின்றன. யூரோப்பா ஒரு சுற்றுக்கு 3.55 நாள் எடுக்கிறது. ஆகவே பிளாஸ்மா யூரோப்பாவைப் பின்னாலிருந்து வந்து அடிக்கிறது, வேகம் நொடிக்கு 100 கி.மீ. அளவில். நிலா போகும் திசையிலுள்ள முகம்தான் அடிவாங்கும் என்று படம் வரைபவர்கள் இந்த இரண்டு காலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போதும்.

அடி மூன்று விதமாக விழும். ஓர் எலக்ட்ரான் மோதி ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டு அணுவாகப் பிளக்கலாம். மிச்ச ஆற்றலை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும். பங்கு 0.34-க்கு மேலே இருந்தால் அணு வெளியே, இல்லையென்றால் பனிக்குத் திரும்பும்.

இரண்டாவது, எலக்ட்ரான் மோதி மூலக்கூறை அயனியாக்கலாம். அயனியான கணமே ஈர்ப்பின் கணக்கு முடிந்தது. காந்தப்புலம் அதைத் தூக்கித் தன் ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. வேகமாக வரும் அயனி, நின்றுகொண்டிருக்கும் நடுநிலை மூலக்கூறிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கும். பறித்தது நடுநிலையாகி அதே வேகத்தில் நேர்கோட்டில் பறந்துவிடும். பறிகொடுத்தது அயனியாகி ஓட்டத்தில் மாட்டிக்கொள்ளும். இருவருமே ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சூரியனின் புறஊதா ஒளியும் பிளக்கும், அயனியாக்கும். ஆனால் வியாழன் சூரியனிலிருந்து பூமியைப்போல் 5.2 மடங்கு தூரத்தில் இருப்பதால் ஒளி 27-இல் ஒரு பங்காகிவிடுகிறது. யூரோப்பாவில் முதலிடம் பிளாஸ்மாவுக்கே.

8. வரவும் செலவும்

இதுவரை செலவைத்தான் பார்த்தோம். வரவு தெரியாமல் செலவுக்கு அர்த்தம் கிடையாது. வீராணம் ஏரி மாதிரி ஒரு தடவை நிரம்பித் தேங்கி நிற்பதல்ல இந்த வளிமண்டலம். மேல்மடையில் வரும் நீர் கடைமடையில் போய்க்கொண்டே இருக்கும் வாய்க்கால்.

முதலில் இருப்பைப் போடுங்கள். சதுர மீட்டருக்கு 5×10¹⁸ மூலக்கூறுகள், யூரோப்பாவின் பரப்பு 3.06×10¹³ சதுர மீட்டர். மூலக்கூறு நிறையால் பெருக்கினால் மொத்தம் சுமார் 8,000 டன் ஆக்சிஜன். ஒரு நிலா முழுவதற்கும் இவ்வளவுதான். சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்கும்போது பத்தாயிரத்தால் பெருக்க வேண்டும். நூறால் பெருக்குபவர்கள் அதிகம்.

வரவு 2022 செப்டம்பர் 29 அன்று ஜூனோ விண்கலம் யூரோப்பாவை நெருங்கிக் கடந்தபோது எடுத்த அளவீட்டிலிருந்து வருகிறது. இந்தக் கணக்குக்கு எண்ணியது ஆக்சிஜனை அல்ல, தப்பிய ஹைட்ரஜன் அயனியானதை. ஏன் ஹைட்ரஜன் என்பதற்கு ஐந்தாவது படியே விடை: ஜீன்ஸ் எண் 5 உள்ள வாயு தங்காமல் வெளியேறும், ஆகவே வெளியே எண்ணினால் உள்ளே எவ்வளவு உண்டாகிறது என்று சொல்லிவிடலாம். நீர் உடையும்போது 8 கிலோ ஆக்சிஜனுக்கு 1 கிலோ ஹைட்ரஜன். 2024-இல் வெளியான ஆய்வின்படி ஆக்சிஜன் உற்பத்தி நொடிக்கு சுமார் 12 கிலோ. முந்தைய மதிப்பீடுகளில் சில நொடிக்கு ஆயிரம் கிலோ வரை போயிருந்தன.

80 லட்சம் கிலோவை 12-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.7 லட்சம் நொடி, எட்டு நாளுக்குச் சற்றுக் குறைவு. உண்டாகும் ஆக்சிஜனில் ஒரு பகுதி பனிக்குள்ளேயே தங்கக்கூடும் என்பதால், இதைக் கீழ் வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். 10²⁷ ஆண்டு எங்கே, எட்டு நாள் எங்கே! இரண்டு விடையும் சரிதான், கேட்ட கேள்விகள் வேறு.

"இப்படியே போனால் நிலா கரைஞ்சிடாதா சார்?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். இதே வேகத்தில் 450 கோடி ஆண்டு போனாலும் யூரோப்பாவின் நிறையில் 25,000-இல் ஒரு பங்குகூட ஆகாது. கவலை வேண்டாம்.

9. மற்ற நிலாக்களுக்குப் போகும்போது

கானிமீடுக்கு அதே படிகள், ஒரு திருத்தத்தோடு. அதற்குச் சொந்தக் காந்தப்புலம் உண்டு என்று 1996-இல் கலிலியோ விண்கலம் கண்டது. பிளாஸ்மா நடுப்பகுதியைவிட்டு விலகித் துருவங்களை ஒட்டிய பகுதிகளில் அதிகம் இறங்கும். ஏழாவது படியில் முழுப் பரப்பையும் போடாதீர்கள்.

என்செலடஸில் ஜீன்ஸ் சூத்திரத்தையே எடுக்காதீர்கள். 200 கெல்வினில் நீர் மூலக்கூறின் சாத்தியமான வேகம் நொடிக்கு 430 மீட்டர், விடுபடு வேகமோ 239. ஜீன்ஸ் எண் 0.3. இரண்டு, மூன்றுக்குக் கீழே போனாலே சூத்திரத்தின் அடிப்படை ஆட்டம் காணும். தென்துருவப் பிளவுகளிலிருந்து நொடிக்கு சில நூறு கிலோ நீராவி பீறிட்டுப் போகிறது, அதைப் பிடித்து வைக்க அந்த நிலாவுக்கு வலு இல்லை. அங்கே தப்பும் வீதம் என்பது ஊற்றின் வீதமேதான்.

டைட்டனில் தவறு எதிர்த்திசையில் நடக்கும். தரையில் 94 கெல்வின், பூமியைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தம். தரை எண்களை வைத்து ஹைட்ரஜனுக்குப் போட்டால் ஜீன்ஸ் எண் 9 வரும். ஆனால் எக்ஸோபேஸ் சுமார் 1450 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, அங்கே மையத்திலிருந்து தூரம் 4025 கி.மீ., வெப்பநிலை 150 கெல்வின் அளவில். மறுபடி போட்டால் 3.6. தப்பும் பயனுறு வேகம் நூறு மடங்குக்கு மேல் கூடுகிறது. நான்காவது படியை ஐந்தாவதற்கு முன்னால் வைத்திருப்பது இதற்காகத்தான்.

கடைசியாக ரியா, சனியின் நிலா. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த மெல்லிய உறை அதற்கு இருப்பதை காசினி விண்கலம் 2010-இல் உறுதி செய்தது. ஈர்ப்பு முடுக்கம் 0.264 என்று வைத்து ஆக்சிஜனுக்கு இரண்டு தடவை போடுங்கள், 100 கெல்வினில் ஒன்று, 70 கெல்வினில் ஒன்று. முதலாவதில் ஜீன்ஸ் எண் 7.8, வெப்பத்தாலேயே ஐந்து நாளில் காலி. இரண்டாவதில் 11, காலி ஆக எண்பது நாள். யூரோப்பாவில் ஓரங்கட்டிய வெப்பத் தப்புதலை இங்கே ஓரங்கட்ட முடியாது. பகல் பக்கத்து வெப்பநிலையை எடுப்பதா, இரவையும் சேர்த்த சராசரியையா என்பதிலேயே விடை தலைகீழாகிறது. பகலையும் இரவையும் தனித்தனியாகப் போட்டு, பரப்பளவுப்படி கூட்டுங்கள்; வெப்பநிலையைச் சராசரியாக்கிவிட்டு அடுக்கை எடுக்காதீர்கள்.